சிவப்புப் பட்டனுக்கு மேல தைச்ச பூ

என்ர அக்கா ஞானமலர் ஒரு மனிசன்ர காலை எடுத்தவளாம். திருகோணமலைத் துறைமுகத்துப் பக்கம் இண்டைக்கும் அப்பிடித்தான் கதை. சந்தைக்குப் போனாலும் கதை, கோயிலுக்குப் போனாலும் கதை. "ஓட்டை விட மறந்தவள்" எண்டு ஒரு பட்டம் வேற. கேக்கேக்க எனக்குக் கோவம் வாறேல்லை, ஓங்காளிச்சுச் சத்திதான் வருது. கோவமெண்டால் ஆரையாவது நாலு பேச்சுப் பேசினால் ஆறிப்போகும். இது அரியண்டம், அருவருப்பு. எவ்வளவு கழுவினாலும் கையில மணம் கிடக்கும்.

நான் றீற்றா, அவளுக்கு நேர இளையவள். அந்தக் கம்பனியின்ர கன்ரீனில தேத்தண்ணி ஊத்தினவள். என்ர வாயைப் பற்றி ஊரில ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம். அக்காவுக்குக் குடுக்கவேண்டிய வாயையும் சேத்து ஆண்டவர் எனக்குத் தந்திட்டார் எண்டு அம்மா சொல்லுறவ. அவள் வாய் திறக்கமாட்டாள் எண்டபடியால்தான் அவளின்ர கதையை நான் சொல்லவேண்டிக் கிடக்கு.

வெள்ளைக்காரன் நாட்டைக் குடுத்த வருசம் பிறந்தவள் அக்கா. எங்கட அப்பா சூசைப்பிள்ளைக்கு நேவி யாட்டில பெயின்ற் அடிக்கிற வேலை. ஐம்பத்தேழில அவங்கள் யாட்டையும் குடுத்திட்டுக் கப்பலேறிப் போட்டாங்கள். அப்பா வீட்டில வந்து குந்தினார். அதுக்குப் பிறகு எங்கட அடுப்பு எரிஞ்சதெல்லாம் அம்மாவின்ர இடியப்பத்திலயும் அக்காவின்ர ஊசியிலயும்தான். கன்னியாஸ்திரிமாரிட்டத் தையல் பழகப் போனவள், பெரியபிள்ளை ஆக முதலே ஊருக்குச் சட்டை தைக்கத் தொடங்கியிட்டாள். முதல்நன்மைச் சட்டை, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, பீடத்துச் சீலை, அக்கரைக் கிண்ணியாப் பெண்டுகளின்ர கலியாணச் சட்டை, எல்லாம் அவளின்ர கைதான். ஆனா அவளுக்குப் பேர் வாங்கிக் குடுத்தது றேடியோச் சட்டை.

எங்கட சனத்துக்கு ஒரு பழக்கம் இருக்கு. வீட்டுக்கு வாற எந்தப் புதுச் சாமானையும் அம்மணமாய் விடமாட்டினம். கதிரைக்குச் சட்டை, மேசைக்குச் சட்டை, தையல் மிசினுக்குச் சட்டை. றேடியோ வந்தால் அதுக்கு ஒரு பிறில் வைச்ச சட்டை, பாட்டு வாற இடத்துக்கு வலைத்துணி, திருகிற இடத்துக்கு வட்ட ஓட்டை, மூலையில ஒரு பூ. அந்தப் பூ ஞானமலரின்ர கையால போட்ட பூவெண்டால் வீட்டுக்காரி வாற போற எல்லாருக்கும் காட்டுவாள். ஓர்ஸ் ஹில்லில இருந்த பெரிய பெரிய ஆக்களின்ர வீட்டு றேடியோ எல்லாம் அக்கா தைச்ச சட்டைதான் போட்டுக்கொண்டு பாடினது.

அறுபத்தொன்பதில பேணாட் அத்தானைக் கலியாணம் முடிச்சு, எங்கட வீட்டிலயே இருந்து பிள்ளையளும் பெத்தாள். பாக்க நல்ல மனிசன். அதைச் சொல்லத்தான் வேணும். உள்துறைமுகக் கரையில படகு திருத்துற, இரும்புச் சட்டம் செய்யுற ஒரு கம்பனியில கிறேன் ஓட்டினவர். கூரைக்குக் கீழ தண்டவாளத்தில ஓடுற கிறேன் அது. ஏணியில ஏறி, மேல தொங்கிற கூட்டுக்குள்ள இருந்து ஓட்டவேணும். தகரத்துக்குக் கீழ அந்தக் கூடு வெந்துபோய்க் கிடக்கும். பின்னேரம் இறங்கி வரேக்க அத்தானின்ர உடுப்பைப் பிழியலாம். குடிக்கமாட்டார், அடிக்கமாட்டார், சம்பளத்தை அப்பிடியே கொண்டுவந்து குடுப்பார். அக்கா குடுத்துவைச்சவள் எண்டு நானே சொன்னனான். என்ர நாக்கில சூடு வைக்கவேணும்.

எண்பதாம் ஆண்டுதான் அந்த வயர்லெஸ் பெட்டி வந்தது. கிறேனை இனிக் கீழ நிண்டுகொண்டே ஓட்டலாமாம். கழுத்தில வாரைப் போட்டு வயித்துக்கு முன்னால தொங்கவிடுற மஞ்சள் பெட்டி. ரெண்டு லீவர், ஒரு சாவி, நடுவில காளான் மாதிரித் தலை தூக்கிக்கொண்டு ஒரு சிவப்புப் பட்டன். பெட்டியைப் பூட்ட ஒரு ஜேர்மன்காரன் வந்தவன். இளம் பொடியன், வெயில் பட்டு முகமெல்லாம் உரிஞ்சு போச்சு. கிறேனில மேல ஏறி ஒரு பெட்டியைப் பூட்டி, உத்திரத்தில பெரிய அம்புக்குறி கீறி, அதே அம்புக்குறியைக் கையிலிருக்கிற பெட்டியிலயும் கீறினான். நீ எந்தப் பக்கம் திரும்பி நிண்டாலும் உன்ர வலக்கை இடக்கையைப் பாக்காதை, அம்பைப் பாத்து லீவரை அசை எண்டான்.

பேந்து எல்லாரையும் கூப்பிட்டு வைச்சுக் காட்டினவன். மனேச்சர் சோமசேகரம் பக்கத்தில நிண்டு தமிழில சொன்னார். லீவரை விட்டால் அது தன்ர பாட்டில நடுவுக்கு வரவேணும், வந்தால் கிறேன் நிக்கும். அப்பிடி நிக்காட்டிச் சிவப்பை அமத்தவேணும், அமத்தினால் முழுக் கிறேனும் செத்துப்போகும். காலமையில வேலை தொடங்க முதல் சிவப்பை ஒருக்கா அமத்திப் பாக்கவேணும். சாவி பெட்டி போட்டவன்ர பொக்கற்றில இருக்கவேணும். தூக்கின சாமானுக்குக் கீழ ஒருத்தரும் போகக் கூடாது. சிவப்பை அமத்தினால் ஒருத்தன் மேல ஏறிப் பெரிய சுவிச்சைத் திருப்பிப் போட்டால்தான் கிறேன் உயிர்க்கும். அது ஏனெண்டால், என்ன நடந்தது எண்டு ஒரு மனிசன் கண்ணால பாத்திட்டுத்தான் திரும்பத் தொடங்கவேணுமாம். சொல்லிப்போட்டு ஒவ்வொருத்தராக் கூப்பிட்டுச் சிவப்பை அமத்த வைச்சான். தேத்தண்ணித் தட்டோட நிண்ட என்னையும் கூப்பிட்டான். ஆர் கண்டாலும் அமத்தலாம் எண்டான். நானும் அமத்தினன். கிறேன் டக்கெண்டு நிண்டது.

அவன் போய் ஒரு மாசம் ஆகயில்லை, எங்கட ஆக்கள் தங்கட குணத்தைக் காட்டத் தொடங்கியிட்டினம். அத்தானுக்கு அப்ப கொஞ்சம் வயிறும் வைச்சிட்டுது. குனிஞ்சு, தூக்கிற இரும்புத் தகட்டைப் பாக்கிறார், சிவப்பு முட்டுப்படுது, கிறேன் செத்துப்போகுது. அன்ஸார் எண்ட பொடியன் புறுபுறுத்துக்கொண்டு ஏணியில ஏறவேணும். அவன் ஏறி இறங்குமட்டும் வேலை நிக்கும். வேலை நிண்டால் சோமசேகரத்தாருக்குச் சாமி வந்திடும். "அந்தச் சனியன் பட்டனை ஆர் இந்த இடத்தில வைச்சது" எண்டு கத்துவார். அது நிப்பாட்டுறதுக்கெண்டு வைச்ச பட்டன். நிப்பாட்டுது எண்டு அதுக்குப் பேச்சு. இந்த அறிவுக்குத்தான் ஓர்ஸ் ஹில்லில வீடும் குடுத்துக் காரும் குடுத்து வைச்சிருந்தது கம்பனி.

அவரின்ர மனிசி கமலாதேவி அக்காவிட்டத் தைக்கிறவ. வீட்டு றேடியோ சட்டை போட்டு இருக்கிறதைப் பாத்து மனேச்சருக்குப் புத்தி வந்திட்டுது. பெட்டிக்கும் ஒண்டு தைப்பிச்சால் தூசியும் போகாது, கடல் காத்தில உப்பும் பிடிக்காது, வெளிநாட்டுச் சாமான், நெடுக இருக்குமெல்லோ. அக்காவைக் கம்பனிக்கே கூப்பிட்டு அளவெடுக்கச் சொன்னவர். அவள் நீலத் தடிச்ச துணியில தைச்சாள். விளிம்புக்கு இலாஸ்ரிக். லீவர் ரெண்டுக்கும் ஓட்டை, சாவிக்கு ஓட்டை, சிவப்புப் பட்டனுக்கும் வடிவா ஒரு வட்ட ஓட்டை. வெட்டினவள் என்ர அக்கா. வெட்டி, ஓரம் மடிச்சுத் தைச்சதை நான் வீட்டில இருந்து பாத்தனான்.

கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினாள். அண்டைக்கு நடந்ததை அவள் பின்னேரம் வந்து சொன்னாள். சோமசேகரத்தார் பாத்திட்டு, "இந்தச் சிவப்பு ஓட்டையை மூடும்" எண்டாராம். 

"ஐயா, இது நிப்பாட்டுற பட்டனெல்லோ?" எண்டு அக்கா கேட்டாளாம். நான் வீட்டில அலட்டினது அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கு.

"நிப்பாட்ட லீவரை விட்டால் காணும். இது சும்மா முட்டுப்பட்டு எங்கட வேலையைக் கெடுக்குது. நீர் ஓட்டையை மூடி, உள்ளுக்குக் கொஞ்சம் பஞ்சும் வைச்சுத் தையும். முட்டினாலும் அமுங்காது."

அக்கா அத்தானைப் பாத்தாளாம். பெட்டியைக் கழுத்தில போடுற மனிசன் அவர்தானே.

"ஓம் ஐயா, அதுவும் சரிதான்" எண்டாராம் அத்தான்.

அந்த "ஓம் ஐயா" எனக்கு இண்டைக்கும் காதுக்குள்ள நிக்குது. வீட்டில அந்தப் பட்டனைப் பற்றி எனக்குத் திரும்பவும் வடிவா விளங்கப்படுத்தினவரே அவர்தான். மனேச்சருக்கு முன்னால நிண்டால் மட்டும் அவருக்குக் கழுத்து தன்ர பாட்டில ஆடும். அக்கா திரும்பக் கொண்டுவந்து ஒட்டுப் போட்டு மூடினாள். மூடிப்போட்டு மனம் கேக்காமல் அந்த ஒட்டுக்கு மேல சிவப்பு நூலால ஒரு பூப் போட்டாள். "பட்டன் எங்க கிடக்கு எண்டாவது தெரியட்டும்" எண்டாள். மனேச்சருக்கு அந்தப் பூவில நல்ல பிரியம். கொழும்பில இருந்து ஆர் வந்தாலும் கூட்டிக்கொண்டு வந்து, "பாத்தீங்களோ, எங்கட ஆக்கள் எப்பிடிப் பாதுகாத்து வைச்சிருக்கினம்" எண்டு பல்லைக் காட்டுவார்.

காலமையில பட்டனை அமத்திப் பாக்கிற வேலையும் அண்டையோட போச்சுது. பூவை அமத்தி என்னத்தைப் பாக்கிறது? மாசக்கணக்கா எண்ணெயும் வேர்வையும் உப்பும் ஊறி அந்தத் துணி கருவாட்டுத் தோல் மாதிரி ஆகிட்டுது. இலாஸ்ரிக் இளகி விளிம்பு சுருண்டு சுருண்டு லீவர் பக்கம் வந்து குவியும். அத்தான் அடிக்கடி இழுத்து விடுவார். கழட்டித் தாங்கோ, தோய்ச்சுத் திருத்தித் தாறன் எண்டு அக்கா கேட்டவள். கழட்டினால் ஐயா பேசுவார் எண்டிட்டார்.

முனாப்பைப் பற்றிச் சொல்லவேணும். கிண்ணியாப் பொடியன், கிறேன் கொழுக்கியில சாமானைக் கொழுவி விடுறவன். கன்ரீனுக்கு வந்தால் என்னைச் சீண்டாமல் போகமாட்டான். "றீற்றா அக்கா, கடல்ல அள்ளினதுக்குச் சீனி போட்டிருக்கிறீங்க போல" எண்டுவான். அவனின்ர மனிசி ஸுல்பிகாவின்ர கலியாணச் சட்டை அக்கா தைச்சது. அதில இருந்து ரெண்டு பேரும் நல்ல சிநேகம். துணி தாறதுக்கெண்டு வாறவள் பின்னேரம்வரை இருந்து கதைச்சிட்டுத்தான் போவாள். வாய் திறக்காத என்ர அக்கா அவளோட மட்டும் சிரிச்சுச் சிரிச்சுக் கதைப்பாள்.

அது ஒரு வியாழக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு முதல். நான் வெறும் கோப்பையளைப் பொறுக்கிக்கொண்டு நிண்டனான். முனாப் கிறேனில தொங்கின இரும்புத் தகட்டுக் கட்டைக் கயித்தால பிடிச்சு நடத்திக்கொண்டு பின்பக்கமா அடி வைச்சு வந்தான். அத்தான் அவனுக்கு எதிர்ப்பக்கம், பெட்டியோட. தகடு அடுக்கின இடத்துக்குக் கிட்ட வந்ததும் முனாப் கையைத் தூக்கிக் காணும், நிப்பாட்டு எண்டு காட்டினான். அத்தான் லீவரை விட்டார். லீவர் நடுவுக்கு வரயில்லை. சட்டையின்ர விளிம்பு சுருண்டு அதுக்கு அடியில சிக்கிப்போச்சு. கிறேன் தன்ர பாட்டில நடந்தது. முனாப்புக்குப் பின்னால அடுக்கு, முன்னால கட்டு, விலக இடமில்லை.

அத்தான் பூவில குத்தினார். துணி அமுங்கிச்சுது, பஞ்சு அமுங்கிச்சுது, பட்டன் அமுங்கயில்லை. ரெண்டு கையாலயும் குத்தினார். பேந்து பெட்டியை வாய்க்குத் தூக்கிப் பல்லால அந்தத் துணியைக் கிழிச்சார். கிழிச்சுப்போட்டு அமத்தினார். கிறேன் நிண்டது. அதுக்குள்ள முனாப்பின்ர வலது கால் போச்சுது. ஆஸ்பத்திரியில முழங்காலுக்குக் கீழ எடுத்துப்போட்டுத்தான் அவனைத் தப்ப வைச்சவை.

அண்டைக்கு அத்தான் அழுத அழுகை கொஞ்சமில்லை. சோறு தின்னயில்லை. அவர் செய்யக்கூடினதைச் செய்தவர் எண்டு நானும் சொன்னனான். அது உண்மை. உண்மையைச் சொல்லிப்போட்டு அந்த மனிசன் அங்கயே நிண்டிருக்கலாம்.

விசாரிக்கிறதுக்கு ஒரு ஐயா கொழும்பில இருந்து வாறார் எண்டதும் சோமசேகரத்தார் அத்தானைத் தனியாக் கூப்பிட்டுக் கதைச்சார். ஒண்டில் நீர் பட்டனை அமத்தயில்லை, அல்லாட்டித் தைச்சவ ஓட்டை விட மறந்திட்டா, ரெண்டில எது எண்டு நீரே யோசியும் எண்டாராம். மூண்டாவதா ஒண்டு இருக்கெண்டு ரெண்டு பேருக்கும் தெரியும். மூண்டாவதின்ர பேர் சோமசேகரம்.

விசாரணை நடந்த அறைக்குத் தேத்தண்ணி கொண்டுபோனது நான்தான். மேசையில பெட்டி கிடந்தது, பக்கத்தில அந்தத் துணி. பல்லால கிழிச்சதில பூ எங்க, ஒட்டு எங்க எண்டு ஒருத்தருக்கும் தெரியாது, நூலும் பஞ்சுமாக் கந்தலாக் கிடந்தது. கொழும்பு ஐயா நல்லாத்தான் கேட்டார். "இதில சிவப்புப் பட்டனுக்கு ஏன் ஓட்டை விடயில்லை?"

"தைச்சவ மறந்திட்டா" எண்டார் சோமசேகரத்தார். முகத்தில ஒரு அசைவில்லை. "படிச்ச பிள்ளையில்லை. நாங்களும் கவனிக்காமல் விட்டிட்டம்."

ஐயா அத்தானைப் பாத்தார். "அப்பிடியோ?"

"ஓம் ஐயா" எண்டார் அத்தான். "என்ர மனிசிதான் தைச்சவ. மறந்திட்டா."

தட்டை மேசையில வைச்சன். வைச்சனோ போட்டனோ தெரியாது, தேத்தண்ணி தெறிச்சுது. "பச்சைப் பொய்" எண்டன். "அவள் ஓட்டை வெட்டினவள். இந்தா நிக்கிறார், இவர்தான் மூடச் சொன்னவர். அத்தானும் ஓமெண்டு பக்கத்தில நிண்டவர்."

"மூடச் சொன்னதை நீர் கண்டனீரோ?" எண்டார் மனேச்சர்.

"அக்கா சொன்னவ."

"அப்ப அது கேட்ட கதை."

தைச்சவவையும் கூப்பிட்டுக் கேக்கலாமே எண்டு கொழும்பு ஐயா சொன்னவர். சின்னப் பிள்ளையள் இருக்கிற வீடு, பொம்பிளையை என்னத்துக்கு இதுக்குள்ள இழுக்கிறது, புருசனே சொல்லுறாரே எண்டு சோமசேகரத்தார் தேனாய் ஒழுகினார். பொம்பிளையில என்ன இரக்கம் பாருங்கோ. புருசனே சொன்னால் பேந்தென்ன எண்டு அதை எழுதிக்கொண்டு அந்த ஐயா போட்டார். என்னை அண்டைக்கே நாளையில இருந்து வரவேண்டாம் எண்டிட்டினம். போங்கோ உங்கட கன்ரீனும் நீங்களும் எண்டு சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்.

வீட்டை போய் அக்காவுக்குச் சொன்னன். மிசினில இருந்தவள் காலை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் வந்ததும் ஒண்டு மட்டும் கேட்டாள். "ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"உனக்கு ஒண்டும் வராதாம், ஐயா சொன்னவர். ஒரு சொல்லுத்தானே ஞானம். ரெண்டு நாளில எல்லாரும் மறந்திடுவினம்."

"ஸுல்பிகாவுக்கு நான் என்ன சொல்லுறது?"

அத்தான் கிணத்தடிக்குப் போட்டார். அண்டைக்கு அவர் குளிச்ச நேரத்துக்கு ஒரு மாட்டைத் தோய வாத்திருக்கலாம்.

ஒருத்தரும் மறக்கயில்லை. கமலாதேவி தான் குடுத்த துணியளை எல்லாம் திருப்பி எடுப்பிச்சா. "அவளுக்கு எல்லாத்தையும் சொல்லிச் சொல்லித்தான் செய்விக்கவேணும், நான் அப்பவே நினைச்சனான்" எண்டு கோயில் வாசலில நிண்டு கதைச்சாவாம். இவவின்ர றேடியோவுக்கு அளவில்லாமல் கண்ணால பாத்துத் தைச்சுக் குடுத்தவள் என்ர அக்கா. விசாரணை முடியுமட்டும் நிப்பாட்டி வைச்சிருந்த அத்தானுக்கு வேலை திரும்பக் கிடைச்சுது. பெட்டியைத் துடைச்சு, சட்டை இல்லாமல், சிவப்புப் பட்டன் பளபளக்கக் கழுத்தில போட்டுக்கொண்டு நடந்தார். காலமையில அமத்தியும் பாத்தினமாம். இப்ப எல்லாருக்கும் எல்லாம் விளங்கியிட்டுது.

அக்கா கம்பனி வாசலுக்கு ஒருநாள் போனவள். மனேச்சரைப் பாக்கவேணும் எண்டாளாம். காவல்காரன் விடயில்லை. வெயிலுக்குள்ள நிண்டு பாத்திட்டுத் திரும்பி வந்தாள். ஸுல்பிகாவுக்கு என்ன சொல்லுறது எண்டதுதான் அவளின்ர ஒரே நினைப்பு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாக்க நினைச்சவள், எந்த முகத்தோட போறது எண்டு அங்கத்தை வாசல் படலையில இருந்து திரும்பி வந்திட்டாள். செய்யாத குற்றத்துக்கு அவள் முகத்தை மறைக்கிறாள், செய்த ரெண்டு பேரும் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகினம்.

பேந்து முனாப்பைக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோட்டினம். நோன்பு தொடங்கேக்க ஸுல்பிகாவின்ர தம்பி வந்தான். ஸுல்பிகா தன்ர மகளின்ர பெருநாள் சட்டைக்கு ஒரு துணி முதலே குடுத்து வைச்சிருந்தவள், ரோசாப்பூ நிறத் துணி. அதை வெட்டவேண்டாமாம், தரட்டாம் எண்டான். பாவம், பொடியனுக்குச் சொல்லவே கூச்சம், நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டான். அக்கா அலுமாரியைத் திறந்து எடுத்து, மடிப்புக் குலையாமல் கடதாசியில சுத்திக் குடுத்தாள். குடுத்திட்டு வந்து மிசினில தலையை வைச்சாள். அவள் அழுததை நான் அண்டைக்குத்தான் கண்டனான். அப்பா செத்ததுக்கும் அவள் இப்பிடி அழயில்லை.

பெருநாள் முடிஞ்ச ஞாயிறு, பூசைக்குப் போய் வந்த கையோட அக்கா அத்தானைப் பாத்து, "கிண்ணியாவுக்குப் போறன், நீங்களும் வாறீங்கள்" எண்டாள். கேட்டாளில்லை, சொன்னாள். அத்தானுக்கு அந்தக் குரல் புதுசு. ஒரு பிஸ்கற் பெட்டியும் வாழைப்பழச் சீப்பும் வாங்கிக்கொண்டு வந்தார். என்னையும் அக்கா கூட்டிக்கொண்டு போனாள். பாதையெண்டு சொல்லுற மிதவைப் படகில கடல் கடக்கிறமட்டும் அத்தான் வாழைப்பழத்தை மடியில வைச்சுத் தடவிக்கொண்டு இருந்தார். எனக்கு அந்தச் சீப்பைப் பறிச்சுத் தண்ணிக்குள்ள எறியவேணும் போல கிடந்தது.

முனாப் முன்னறையில கட்டிலில இருந்தான். உடுத்திருந்த சாரம் ஒரு பக்கம் தட்டையாக் கிடந்தது. என்னைச் சீண்டிற அந்தச் சிரிப்பு அவன்ர முகத்தில இல்லை, ஆனா வாங்க, இரிங்க எண்டான். ஸுல்பிகா கதவுக்குப் பக்கத்தில முக்காட்டை இழுத்துப் பிடிச்சுக்கொண்டு நிண்டாள். அக்காவைப் பாக்கயில்லை. குசினிக்குள்ள ஆரோ மீன் பொரிச்ச சத்தம் கேட்டுது.

ஸுல்பிகாதான் கேட்டாள். "அக்கா, ஒண்டு கேக்கிறன், கோவிக்காதீங்க. நீங்க மறந்துதான் விட்டீங்களா?"

அக்கா அத்தானைப் பாத்தாள். "நீங்கள் சொல்லுங்கோ" எண்டாள். 

அதுக்குத்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் எண்டு எனக்கு அப்பதான் விளங்கினது. அந்த அறைக்குள்ள கம்பனியும் இல்லை, மனேச்சரும் இல்லை, எழுதுறதுக்கு ஒரு ஐயாவும் இல்லை. இந்த வீட்டுக்குள்ள மட்டும் அவளை மீட்டு விட்டால் அவளுக்குக் காணும். ஊர் என்னத்தையும் சொல்லட்டும். ஒரு நிமிசத்து வேலை. முழு மனிசனா வேண்டாம், அரை மனிசனா இருந்தாலும் செய்யலாம்.

அத்தான் வாழைப்பழத்தைப் பாத்துக்கொண்டு சொன்னார். "அவள் வேணுமெண்டு செய்யயில்லை தங்கச்சி. வேலை கூட அந்தநேரம். மறந்திட்டாள்."

நான் வாயைத் திறக்கப் போனன், அக்கா கையைப் பிடிச்சு அமத்திப்போட்டாள். அவளே சொன்னாள். சத்தம் போடாமல், துணி அளவு சொல்லுற மாதிரிச் சொன்னாள். "ஸுல்பிகா, நான் ஓட்டை வெட்டினனான். மனேச்சர் மூடச் சொன்னவர். மூடினனான். பஞ்சும் வைச்சனான். என்ர கையால செய்த பிழை அதுதான். மறக்கயில்லை. இவர் பக்கத்தில நிண்டவர்."

அத்தான் தலையை நிமித்தயில்லை. 

அப்ப முனாப் கதைச்சான். "பேணாட் அண்ணன், என்னைப் பாருங்க. அண்டைக்கு நீங்க அந்தப் பூவில குத்தினதை நான் பாத்தன். ரெண்டு கையாலயும் குத்தினீங்க, பல்லால கிழிச்சீங்க. வாயெல்லாம் ரெத்தம். கால் போற நேரத்திலயும் நான் உங்களைத்தான் பாத்துக்கொண்டு நிண்டன். உங்களில ஒரு பிழையும் இல்லையெண்டு ஆஸ்பத்திரியில கேட்ட ஆக்களுக்கெல்லாம் சொன்னன். இவளுக்கும் சொன்னன். உங்களை ஆரும் குற்றம் சொல்ல நான் விட்டிருக்கமாட்டன். நீங்க ஏன் அக்காவைப் பலி குடுத்தீங்க?"

அத்தான் அப்பதான் தலையை நிமித்தினார். "உண்மையைச் சொன்னால் வேலை போயிடும் எண்டவங்கள் தம்பி" எண்டார். "வேலையில்லாமல் நான் என்ன செய்யிறது?"

முனாப்பைப் பாத்துத்தான் அதைக் கேட்டார். அந்தக் கட்டிலில இருந்த முனாப்பைப் பாத்து.

முனாப் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப்போட்டான். ஸுல்பிகா வந்து அக்காவுக்குப் பக்கத்தில பாயில இருந்தாள். முக்காட்டு நுனியால அக்காவின்ர முகத்தைத் துடைச்சு விட்டாள், அக்கா அழுகிறாள் எண்டதே எனக்கு அப்பதான் தெரிஞ்சுது. பேந்து எழும்பிப் பிஸ்கற் பெட்டியையும் வாழைப்பழத்தையும் எடுத்து அத்தானின்ர கையில குடுத்தாள். மரியாதையாத்தான் குடுத்தாள்.

"நீங்க முன்னுக்குப் போங்க அண்ணன்" எண்டாள். "சோறு ஆகிட்டுது. அக்காவும் றீற்றா அக்காவும் திண்டிட்டு வருவாங்க."

கிண்ணியாவில ஒரு வீட்டில, அடுப்பில சோறு கொதிக்கேக்க, வந்த ஆளைத் தின்னாமல் போகச் சொன்னதை நான் அதுக்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. அத்தான் அக்காவைப் பாத்தார், அவள் எழும்புவாளோ எண்டு. அவள் எழும்பயில்லை. வாசலில செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, வாழைப்பழத்தையும் தூக்கிக்கொண்டு, அந்த வெயிலுக்குள்ள அவர் துறைப்பக்கம் நடந்து போனார்.